வெயில் தாங்காத பெட்டி

காசிம்பாஷா, இஸ்தான்புல்
11 ஜூன் 1973

சுவாத்,

நீ கிளம்பிய அன்று அம்மா உனக்காகச் செய்து துணியில் கட்டி வைத்த பாலாடைக்கட்டி ரொட்டி மேசைமேலேயே கிடந்தது. வாசலில் உங்கள் இசைக்குழு வண்டி ஹாரன் அடித்ததும் கிதாரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாய். சொல்லிக்கொண்டு போக ஒரு நிமிடம் ஆகாதா என்று அம்மா என்னைத் திட்டுகிறாள், ஓடியது நான் என்பதுபோல.

நான் செய்து கொடுத்த பெட்டியைப் பற்றி வாசலில் சொல்ல நினைத்ததையும் நீ சொல்லவிடவில்லை. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

பெயோலுவில் அந்தக் கடைக் கண்ணாடிக்குள் மூன்று மாதமாகப் பார்த்துப் பார்த்து ஏங்கினாயே, காலால் அமுக்கினால் கிதார் சத்தத்தைக் கரகரக்க வைக்கும் இங்கிலாந்து ஃபஸ் பெட்டி, அதன் உள்ளே இருப்பதும் இதனுள்ளே இருப்பதும் ஒன்றுதான். விரல்நுனி அளவில் இரண்டு டிரான்சிஸ்டர், நாலைந்து சில்லறைச் சாமான், ஒரு பேட்டரி. ஆனால் அதைச் செய்தவர்கள் கைக்கு வந்த இரண்டை எடுத்துப் போட்டிருப்பார்கள். நான் இருநூற்றுப் பன்னிரண்டை ஒவ்வொன்றாக அளந்து இரண்டைப் பொறுக்கினேன். ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய இசைத்தட்டுகளில் நீ கேட்டு மயங்கிய சத்தம், தொண்டை கட்டியவன் அழுதுகொண்டே பாடுவதுபோல என்பாயே, அது இப்போது கடையில் விற்கும் சிலிக்கான் டிரான்சிஸ்டரில் வராது. ஜெர்மானியத்தில்தான் வரும்.

அந்த ஜெர்மானியம் எங்கிருந்து வந்தது என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். எங்கள் ரேடியோ தொழிற்சாலை இந்த வருடம் சிலிக்கானுக்கு மாறுகிறது. பழைய ஜெர்மானியத்தில் கழித்தவற்றுக்கு மஞ்சள் பொட்டு வைத்து ஸ்டோரில் அடுக்கியிருக்கிறார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஃபிக்ரியே அக்காதான் சாப்பாட்டு நேரத்தில் என்னை அளக்க விட்டாள். கடைசியில் அந்த இரண்டையும் என் கையில் வைத்து மூடிச் சொன்னாள்: "எடுத்துக்கோ பெரிஹான். ஆனா இது உங்க வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது. எண்ணி வச்ச சாமான். மஞ்சப் பொட்டு எவன் கண்ணுலயாவது பட்டுச்சுன்னா என் வேலை போயிடும்."

போகாது என்று சொன்னேன், நீயும் நம் வீடுதானே. யாரையும் திறக்க விடாதே. இரவல் கொடுக்காதே. உன் கையை விட்டுப் போகக்கூடாது. நான் கேட்பது இவ்வளவுதான்.

பாடகர் கெனான் முன்னால் நீ அதை "மத்தி மீன் டப்பா" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. அந்தத் தகட்டை இரண்டு ஞாயிற்றுக்கிழமை அரம் போட்டுத் தேய்த்தேன்.

பெரிஹான்


கைசேரி
26 ஜூன்

அக்கா,

மத்தி மீன் டப்பாவை மன்னித்துவிடு. அது மீன் டப்பா இல்லை, புலிக்கூண்டு! நேற்று இரண்டாவது பாட்டில் முதல் முறையாகக் காலால் அமுக்கினேன். ஹைரி டிரம்ஸ் குச்சியைக் கீழே போட்டுவிட்டான். ஆட்டம் முடிந்ததும் என்னைப் பிடித்து உலுக்கினான். "டேய், என்னடா அது? உள்ள எவனையாவது அடைச்சு வச்சிருக்கியா?" என்றான். எங்க அக்கா செய்தது என்றேன். "உங்க அக்காவையா அடைச்சு வச்சிருக்கே?" என்று திரும்பக் கேட்டான். அரை மணி நேரம் சிரித்தோம்.

கெனான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தகட்டைத் திருப்பிப் பார்த்தார். "பேரு ஒண்ணும் போடலையே" என்றார்.

அம்மாவிடம் சொல், இங்கே தினமும் பூண்டு அப்பிய உப்புக்கண்டம், பாஸ்துர்மா தின்கிறேன் என்று. வண்டியில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அடுத்து அதானா. அங்கே ஹோட்டல் முகவரி பின்பக்கம்.

உன் சுவாத்


அதானா
13 ஜூலை

அக்கா,

இன்று நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

பெண்களுக்கான பகல் கச்சேரி. மூடிய சினிமாக் கொட்டகை. வெளியே நாற்பத்தொரு டிகிரி, உள்ளே அதற்கும் மேல். எழுநூறு பெண்கள், மடியில் பிள்ளைகள், கையில் சூரியகாந்தி விதை. இரண்டு பாட்டு ஓடியது. மூன்றாவதில் பெட்டியை அமுக்கினால் சத்தம் பாதியில் அறுந்தது. பிறகு வந்தது, பிறகு போனது. வயிற்றுப்போக்குக்காரன் கழிவறையில் உட்கார்ந்த மாதிரி விட்டு விட்டுப் புர் புர் என்றது. நடுவரிசையில் ஒரு குண்டு அம்மா எழுந்து கத்தினாள்: "தம்பி, ஸ்டேஷனை மாத்துப்பா!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மாவுக்குக் கைதட்டல் கூடக் கிடைத்தது. எனக்கு விதைத் தோல்தான்.

கெனான் மேடைக்குப் பின்னால் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "வீட்டுல செஞ்ச ஜாம் வீட்டுல திங்க நல்லா இருக்கும், சுவாத். கடைக்குப் போற இடத்துல கடைச் சாமான்தான் வேணும்." என்ன செய்யட்டும் சொல். இன்னும் இரண்டு மாதம் தெற்கேதான் சுற்றப் போகிறோம்.

சுவாத்


காசிம்பாஷா
18 ஜூலை

சுவாத்,

ஸ்டேஷனை மாற்றச் சொன்ன அம்மாவைப் பற்றிப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. "என் பிள்ளையைப் பாத்து எழுநூறு பேரு சிரிச்சிருக்காங்க, உனக்குப் பல்லு தெரியுது" என்று இரண்டு நாள் பேசாமலிருந்தாள்.

தவறு உன்னுடையதல்ல, பெட்டியுடையதும் அல்ல. ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது. சூடு ஏறினால் உள்ளே மின்சாரம் கசியும், சத்தம் அறுபடும். அந்தப் பழைய இசைத்தட்டு ஆட்கள் மழை பெய்யும் ஊரில் உட்கார்ந்து வாசித்தார்கள், அதனால் அவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. அதானாவைப் பற்றி நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். அது என் பிழை.

வழி இருக்கிறது. எல்லாச் சினிமாக் கொட்டகை வாசலிலும் மோர் விற்பவர் இருப்பார், அவரிடம் ஐஸ் பெட்டி இருக்கும். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பெட்டியை எண்ணெய்த் துணியில் நன்றாகச் சுற்றி அதில் வைக்கச் சொல். ஈரம் படக்கூடாது. மேடையில் ஈரத்துணியை நாலாக மடித்து அதன் மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் பெட்டி. ஏழெட்டுப் பாட்டு தாங்கும். செப்டம்பரில் வீட்டுக்கு வா, சூட்டுக்கேற்ப நீயே திருப்பிக்கொள்ளும்படி ஒரு குமிழ் வைத்துத் தருகிறேன். வரைந்து பார்த்துவிட்டேன், வேலை செய்யும்.

கெனானிடம் சொல், கடை ஜாமையும் யாரோ ஒருத்தி அடுப்பு முன்னால் நின்றுதான் கிண்டுகிறாள்.

பெரிஹான்


உர்ஃபா
9 ஆகஸ்ட்

அக்கா,

நல்ல செய்தி. உன் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும். நேற்று இங்கே நாற்பத்து நான்கு டிகிரி. பகல் காட்சி, இரண்டு மணி நேரம். பெட்டி ஒரு முனகல் முனகவில்லை! முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒரே சீராகக் கத்தியது. ஐஸ் கூட வைக்கவில்லை, மோர்க்காரரைத் தேட நேரமே இல்லை. கெனான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார்.

குமிழுக்காக நீ சிரமப்பட வேண்டாம். அம்மாவுக்கு மிளகாய்ப்பொடி வாங்கியிருக்கிறேன்.

சுவாத்


காசிம்பாஷா
15 ஆகஸ்ட்

சுவாத்,

உன் காலடியில் இருப்பது எந்தப் பெட்டி?

பெரிஹான்


மலாத்தியா
27 ஆகஸ்ட்

அக்கா,

உன் கடிதத்தை ஹைரி முதலில் பார்த்தான். "ஒரு வரிதானா? கொல்லத்தான் போறாங்க உன்னை" என்றான்.

ஆமாம். மாற்றிவிட்டேன். அந்தெப் நகரில் செலாமியைப் பார்த்தேன், நம் தெருவில் இருந்தானே, ஜெர்மனியில் கொலோன் நகரத்துக்கு வேலைக்குப் போன செலாமி. விடுமுறைக்குக் காரில் வந்திருந்தான். கார் பின்பக்கம் முழுக்கச் சாமான்: டேப் ரெக்கார்டர், காபிப் பொட்டலம், சிவப்பாக ஒரு ஃபஸ் பெட்டி. கடையில் வாங்கியது, சிலிக்கான். என்னிடம் காசு இல்லை. அவனுக்கு உன் பெட்டி பிடித்துப்போயிற்று. கொடுத்தேன்.

அன்று காலை கெனான் என்னிடம், அடுத்த ஊரில் இன்னொரு கிதார்காரனைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அது உனக்குத் தெரியாது. எழுநூறு பேர் சிரிப்பது எப்படியிருக்கும் என்றும் உனக்குத் தெரியாது. நீ மேடைக்குக் கீழே வந்து நின்றதுகூட இல்லை. எப்போதாவது "எப்படி வாசிச்சே" என்று கேட்டிருக்கிறாயா? "பெட்டி எப்படி இருந்தது" என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்பாய். சில நாள் எனக்குத் தோன்றும், நீ அதை எனக்காகச் செய்யவில்லை, உனக்காகச் செய்தாய், அதற்குக் கால் வேண்டியிருந்தது, என் காலை எடுத்துக்கொண்டாய் என்று.

பொய் எழுதியது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். நீ வருத்தப்படக்கூடாது என்றுதான் எழுதினேன்.

செலாமி நல்லவன். யாருக்கும் காட்டமாட்டான்.

சுவாத்


காசிம்பாஷா
21 செப்டம்பர்

சுவாத்,

உனக்கு இனி எழுதுவதில்லை என்றிருந்தேன். நடந்தது உனக்குத் தெரியாமல் நீ சௌகரியமாக இருப்பதும் பொறுக்கவில்லை.

செலாமி திரும்பிப் போகும் வழியில் உன் பெட்டியை அங்காராவில் விற்றுவிட்டான். வாங்கியவர் தாரிக் என்ற கிதார்காரர். போன வெள்ளிக்கிழமை அவர் அந்தப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். மனிதர் கள்ளமில்லாமல் வந்திருக்கிறார். காவலாளியிடம் மூடியைத் திறந்து காட்டி, "இதே மாதிரி ரெண்டு டிரான்சிஸ்டர் வேணும். உங்க பொண்ணு ஒருத்தி செஞ்சதாம்" என்றாராம். எங்கள் பெண் ஒருத்தி என்று செலாமிக்குச் சொன்னது யார்? நீ. கெனானிடம் பெயரில்லாத டப்பாவாக இருந்தது, பண்டமாற்று பேசும்போது மட்டும் எங்க அக்கா தொழிற்சாலையில் செய்தது என்று ஆகிவிட்டதா?

மத்தியானம் மேனேஜர் வரிசையிலிருந்த அறுபது பெண்களையும் எழுப்பி நிற்க வைத்தார். தாரிக்கிடம் சற்று நேரத்துக்கு வாங்கிவந்த பெட்டியைத் திறந்துபிடித்து மஞ்சள் பொட்டு வைத்த இரண்டையும் காட்டினார். "யாரு?" என்றார். ஸ்டோரிலிருந்து ஃபிக்ரியே அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு பார்வை பார்த்தாள். "நான்தான் குடுத்தேன்" என்றாள்.

"யாருக்கு?"

"ஞாபகம் இல்லை."

"இருபத்தோரு வருஷமா ஒரு ஸ்க்ரூவை மறந்ததில்லையே நீ?"

"வயசாச்சு ஐயா."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நீல அங்கியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, வரிசையின் நீளம் முழுக்கத் தனியாக நடந்து வெளியே போனாள். மெஷின் ஓடாத நேரம். அவள் காலடிச் சத்தம் கேட்டது.

அதுவரை நடந்தது உன்னால். நான் வாய் திறக்காமல் நின்றது உன்னால் இல்லை. அதையும் சேர்த்து உன் தலையில் போடத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு வரும்போது முடியவில்லை.

பெரிஹான்


அங்காரா
6 அக்டோபர்

அக்கா,

தாரிக்கைத் தேடிப் போனேன். சிவப்புப் பெட்டியைக் கொடுத்துப் பழையதைக் கேட்டேன். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். "தம்பி, இந்த மாதிரிச் சிவப்பு என்கிட்டயே ரெண்டு கிடக்கு. இதுக்குப் போய் அதை எப்படிக் குடுத்தே?" என்றார். ஃபிக்ரியே அக்காவுக்கு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஃபிக்ரியே அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினேன், கிழித்தேன். என்னைப் பார்த்ததுகூட இல்லாதவள், நான் யாரென்று ஆரம்பிப்பது?

இன்னொரு விஷயம். கேட்கக்கூடாதுதான். நவம்பர் இருபதாம் தேதி இஸ்தான்புல்லில் எங்களுக்கு ஒலிப்பதிவு. கம்பெனிக்காரர் சிவப்புப் பெட்டியைக் கேட்டுவிட்டு, "இது எல்லாரும் வாசிக்கிற சத்தம்தானே, கைசேரியில வாசிச்சீங்களே அது எங்கே?" என்கிறார். கெனான் என்னைப் பார்க்கிறார். மத்தி மீன் டப்பா வேண்டுமாம் இப்போது, ஜாம் பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

இன்னொன்று செய்து தருவாயா? இந்த முறை என் உயிர் போனாலும் என் கையை விட்டுப் போகாது. நீ கேட்கும் எந்தச் சத்தியமும் செய்கிறேன்.

உன் தம்பி


காராகோய், இஸ்தான்புல்
4 நவம்பர்

சுவாத்,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். வீட்டுக்குத்தான் எழுது, அம்மா கொடுப்பாள். போன வாரம் கடல்மேல் திறந்த புதிய பாலத்தில் நடந்தே அக்கரை போய்வந்ததிலிருந்து அவள் கால்வலி பற்றித்தான் பேச்சு. உன்னைப் பற்றி அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மிளகாய்ப்பொடி வந்து சேர்ந்தது.

ஃபிக்ரியே அக்கா போன பதினோராம் நாள் மேனேஜர் அறைக்குப் போய் நான்தான் என்று சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விஷயம் முடிஞ்சு போச்சேம்மா. இப்ப வந்து எதுக்கு இதைச் சொல்றே?" என்றார். அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எடுக்கவில்லை. என்னையும் அனுப்பிவிட்டார்கள்.

அன்றே அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் வழிவிடவில்லை. நான் பேசி முடிக்கும்வரை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு சொன்னாள்: "சொன்னது நல்லது, பெரிஹான். ஆனா அன்னைக்கு நீ ஒரு அடி முன்னால வந்திருந்தா, நான் தனியா நடந்து போயிருக்க மாட்டேன்." கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்தினாள். அவள் இப்போது ஒரு சட்டைக் கடையில் பொத்தான் தைக்கிறாள். இரண்டு முறை அந்தத் தெருவில் போனேன். இரண்டு முறையும் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் காராகோயில் சாமான் கடைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது ஒரு தள்ளுவண்டியில் அவற்றைப் பார்த்தேன். மஞ்சள் பொட்டு வைத்தவை. ஒரு சாக்கு நிறைய. தொழிற்சாலை மொத்தத்தையும் பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டதாம். வண்டிக்காரர் ஒரு கை அள்ளிக் காட்டி, "பிள்ளைங்க விளையாடக் குடும்மா" என்றார். அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

சாக்கை வாங்கிக்கொண்டேன். ரேடியோ பழுது பார்க்கும் கடை ஒன்றின் மூலையில் ஒரு மேசை பிடித்திருக்கிறேன். பகலெல்லாம் அளக்கிறேன். நூற்றுக்கு ஒன்று தேறுகிறது.

தாரிக் வந்தார். தொழிற்சாலையில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன், நீ சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. பெட்டியை என் முன்னால் வைத்து, "இது உங்களுது, வச்சுக்குங்க" என்றார். நான் திறந்தேன், வெயிலுக்கான அந்தக் குமிழைப் பொருத்தினேன், மூடி அவரிடமே கொடுத்தேன். என் தம்பி கொடுத்தது, கொடுத்ததுதான் என்றேன். போகும்போது அவர் கேட்டார், "இதுல உங்க பேரை எழுதித் தருவீங்களா?" ஆணியால் கீறிக் கொடுத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது, எழுத்து கோணல்.

நீ எழுதியதில் ஒன்று உண்மை. நீ எப்படி வாசித்தாய் என்று நான் கேட்டதில்லை. பல நாள் யோசித்துப் பார்த்தேன். நன்றாக வாசிப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை, அதனால் கேட்கத் தோன்றவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இனி சொல்லி என்ன?

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். சத்தியம் எதுவும் வேண்டாம். இங்கே யாரிடமும் நான் சத்தியம் வாங்குவதில்லை. வாங்கியவர்கள் திறக்கலாம், விற்கலாம், கடலில் போடலாம். உன் பெயரைக் குறித்துக்கொண்டேன். நவம்பர் இருபதுக்குள் முடியாது. உனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள், உன் முறை ஜனவரியில் வரும்.

அந்த மூன்று பேரையும் எனக்கு யாரென்றே தெரியாது. அவர்களுக்குச் செய்யும்போது கை நடுங்குவதில்லை.

பெரிஹான்